அயர்லாந்தின் இசையைக் காப்பாற்றிய சிகாகோ போலீஸ்: யார் இந்த பிரான்சிஸ் ஓ'நீல்?

டப்ளினோ, டோக்கியோவோ, சிட்னியோ... அயர்லாந்தின் பாரம்பரிய இசையை வாசிப்பவர்கள் எந்த ஊரில் கூடினாலும், அங்கே வாசிக்கப்படும் மெட்டுகளில் பல ஒரே புத்தகத்தில் அச்சாகியிருப்பவை. 1907-ல் வெளிவந்த அந்தத் தொகுப்பின் முழுப் பெயரைச் சொல்லக்கூட இசைக்காரர்கள் மெனக்கெடுவதில்லை. 'அந்தப் புத்தகம்' என்று சொன்னாலே புரிந்துவிடும்.

அதைத் தொகுத்தவர் இசைப் பேராசிரியர் கிடையாது. அது அச்சானது அயர்லாந்திலும் கிடையாது. அமெரிக்காவின் சிகாகோ நகர போலீஸ் துறைக்குத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ'நீல் என்பவர்தான் அதைக் கொண்டுவந்தார். அவருக்கு இசைக்குறிப்பு எழுதக்கூடத் தெரியாது.

இசைக்குறிப்பு எழுதத் தெரியாத ஒரு போலீஸ் அதிகாரி, சொந்த நாட்டிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அந்த நாட்டின் இசையைத் திரட்டியது எப்படி?

பஞ்ச காலத்தில் பிறந்தவர்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் கார்க் மாவட்டம். அங்கே பான்ட்ரி ஊருக்குப் பக்கத்தில் டிராலிபேன் என்ற சின்ன கிராமம். 1848 ஆகஸ்ட் 28 அன்று ஓ'நீல் பிறந்தார். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, நாடே பட்டினியில் கிடந்த காலம் அது. 1845-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் 10 லட்சம் பேருக்கு மேல் கப்பலேறி வெளிநாடு போனார்கள்.

ஓ'நீல் குடும்பம் ஓரளவு வசதியான விவசாயக் குடும்பம் என்பதால் தப்பித்தது. வீட்டில் எப்போதும் பாட்டுச் சத்தம் கேட்கும். அம்மாவுக்கு ஏராளமான பழைய மெட்டுகள் மனப்பாடம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் சிறுவனுக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்தார். எல்லாமே கேள்வி ஞானம்தான். 

அன்றைய அயர்லாந்து கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நாற்சந்தியில் நடனம் உண்டு. முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் பைப்ஸ்தான் அதற்கு இசை. வாசிப்பவருக்கு ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுப்பார்கள். ஆனால் பல ஊர்களில் பாதிரியார்கள் இந்த நடனத்துக்குத் தடை போட்டார்கள். ஓ'நீலின் ஊரிலும் அதே கதை. பிழைப்பை இழந்த உள்ளூர் பைப்ஸ் கலைஞர் கடைசியில் ஏழைகள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார். இதை ஓ'நீல் கடைசிவரை மறக்கவில்லை.

பஞ்சத்தில் செத்த இசைக்காரர்கள் ஒருபக்கம், கப்பலேறியவர்கள் இன்னொரு பக்கம், இருந்தவர்களுக்கும் வாசிக்க இடமில்லை. எழுதி வைக்கப்படாத இசைக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து! ஒரு மெட்டு தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால், அந்த மெட்டும் அவரோடு போய்விடும்.

உயிர் காத்த புல்லாங்குழல்

படிப்பில் கெட்டிக்காரப் பையன். ஆசிரியர் ஆக்கிவிடலாம் என்று குடும்பம் நினைத்தது. பையனோ 1865-ல், 16 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஆங்கிலேயச் சரக்குக் கப்பல் ஒன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கருங்கடல், எகிப்து, ஜப்பான் என்று உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்தார்.

பசிபிக் பெருங்கடல் நடுவே, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பேக்கர் தீவு என்று ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அங்கே ஓ'நீல் இருந்த கப்பல் உடைந்தது. தீவில் சிக்கித் தவித்தவர்களை வேறொரு சிறு கப்பல் வந்து மீட்டது. ஹோனலுலு போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கப்பலில் சாப்பாடு பற்றாக்குறை. தப்பி வந்தவர்களுக்கு அளந்துதான் கொடுத்தார்கள்.

அந்தக் கப்பலில் வேலை பார்த்த ஹவாய்த் தீவுக்காரர் ஒருவரிடம் புல்லாங்குழல் இருந்தது. ஓ'நீல் அதை வாங்கி அயர்லாந்து மெட்டு ஒன்றை வாசித்துக் காட்டினார். அந்த மாலுமிக்கு அது பிடித்துப்போனது. அதற்குப் பிறகு தினமும் தன் பங்குச் சாப்பாட்டில் கொஞ்சத்தை ஓ'நீலுக்குக் கொடுத்தார். மற்றவர்கள் வாடி வதங்கி ஹோனலுலுவில் இறங்கியபோது, ஓ'நீல் மட்டும் தெம்பாக இறங்கினார்.

பிறகு கலிபோர்னியாவில் ஆடு மேய்த்தார். மிசௌரி மாநிலத்தில் சில மாதங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1870-ல் அன்னா ரோஜர்ஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். சில ஆண்டுகள் முன்பு, நியூயார்க் வந்த கப்பலில் அறிமுகமானவர் அவர். தம்பதி சிகாகோவில் குடியேறினார்கள். ரயில்வே சரக்குக் கிடங்கில் கூலி வேலை கிடைத்தது.

முதுகில் தங்கிய தோட்டா

1873-ல் சிகாகோ போலீஸில் சேர்ந்தார் ஓ'நீல். வேலைக்குச் சேர்ந்த ஒரே மாதத்தில் திருடன் ஒருவன் அவரைச் சுட்டான். முதுகெலும்புக்குப் பக்கத்தில் பாய்ந்த தோட்டாவை எடுக்க முடியவில்லை. சாகும்வரை அது அவர் உடம்பிலேயே இருந்தது.

அதன் பிறகு படிப்படியாகப் பதவி உயர்வு. சார்ஜென்ட், லெப்டினன்ட், 1894-ல் கேப்டன். 1901-ல் மாநகர போலீஸின் தலைமைப் பொறுப்பு. அப்போது சிகாகோவின் மக்கள்தொகை சுமார் 17 லட்சம். நியூயார்க்குக்கு அடுத்து அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரம்.

பதவிக்கு வந்த சில மாதங்களில் ஒரு சோதனை. அமெரிக்க அதிபர் மெக்கின்லியை ஒருவன் சுட்டான். சதியில் பங்கு உண்டு என்ற சந்தேகத்தில் எம்மா கோல்ட்மன் என்ற அரசின்மைவாதத் தலைவர் சிகாகோவில் கைதானார். ஊரே அவருக்கு எதிராகக் கொதித்தது. அவரிடம் நேரில் பேசிய ஓ'நீல், இவருக்கும் கொலை முயற்சிக்கும் சம்பந்தம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அதன் பிறகே கோல்ட்மன் சிறையில் மரியாதையாக நடத்தப்பட்டார். ஆதாரம் இல்லாததால் விடுதலையும் ஆனார். போலீஸை எப்போதும் திட்டித் தீர்த்த கோல்ட்மன், தன் சுயசரிதையில் ஓ'நீலைப் பற்றி மட்டும் நல்லவிதமாக எழுதினார்.

ஏன் சிகாகோ?

அயர்லாந்தில் 32 மாவட்டங்கள். அன்றைக்கு ஒரு மாவட்டத்துக்காரர் வாசிக்கும் மெட்டு அடுத்த மாவட்டத்துக்காரருக்குத் தெரியாது. வடக்கே டனகாலில் ஒரு பாணி, தெற்கே கெர்ரியில் வேறு பாணி. பஸ்ஸும் ரேடியோவும் இல்லாத காலம் என்பதால் இசையும் அந்தந்த ஊர் எல்லையிலேயே நின்றது.

சிகாகோவில் இந்த எல்லை உடைந்தது. பஞ்சத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த அயர்லாந்துக்காரர்கள் இறைச்சிக் கூடங்களிலும் ரயில்வேயிலும் தீயணைப்புத் துறையிலும் போலீஸிலும் வேலை பார்த்தார்கள். மேயோ மாவட்டத்து வயலின்காரரும் டிப்பரரி மாவட்டத்து வயலின்காரரும் ஒரே டிராமில் வேலைக்குப் போனார்கள். சொந்த நாட்டில் இருந்திருந்தால் இவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்திருக்க மாட்டார்கள்.

ஓ'நீலுக்கு இது புதையல். ரோந்து போகிற தெருவில் எங்காவது புல்லாங்குழல் கேட்டால் நின்றுவிடுவார். புதிதாக ஊருக்கு வந்தவர்களைத் தேடிப்போய், என்ன மெட்டு தெரியும் என்று விசாரிப்பார். நல்ல இசைக்காரர்களுக்கு போலீஸ் வேலை கிடைக்கவும் உதவினார். பைப்ஸ் வாசிப்பதில் பெயர் பெற்ற பெர்னார்ட் டெலானி அப்படி வேலைக்கு வந்தவர்களில் ஒருவர். இவர் ஓ'நீலின் சகலையும்கூட. பைப்ஸ் வாசிக்கத் தெரிந்தால் சிகாகோ போலீஸில் வேலை நிச்சயம் என்று அந்த நாளைப் பற்றிச் சிரித்துப் பேசுவது இன்றும் உண்டு.

ஒரு மாலை எப்படி நடந்தது?

இந்த இசைக்கு மேடை வேண்டாம். யாராவது ஒருவர் வீட்டு முன்னறை போதும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வயலின், புல்லாங்குழல், பைப்ஸ் என்று கையில் உள்ளதை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள்.

வாசிக்கும் முறை எளிமையானது. பெரும்பாலான நடன மெட்டுகளுக்கு இரண்டே பகுதிகள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். முழு மெட்டும் இரண்டு மூன்று சுற்று போனதும், நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். அழகு எல்லாம் ஆளாளுக்குச் சேர்க்கும் சின்னச் சின்ன கமகங்களில். தாளத்தை வைத்து ஜிக், ரீல், ஹார்ன்பைப் என்று வகை பிரிப்பார்கள்.

இப்படிப்பட்ட கூடுகையில்தான் ஓ'நீலுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அம்மா பாடிய மெட்டுகள் அவர் மண்டைக்குள் அப்படியே இருந்தன. ஆனால் எழுதத் தெரியாது. அவருக்குப் பிறகு யார் நினைவு வைத்திருப்பார்கள்?

விடை அதே போலீஸ் துறையில் கிடைத்தது. பெயர் ஜேம்ஸ் ஓ'நீல். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தாலும் உறவினர் இல்லை. வடக்கே டவுன் மாவட்டத்திலிருந்து வந்த வயலின்காரர். காதில் கேட்டதை அப்படியே தாளில் இசைக்குறிப்பாக எழுதும் திறமை அவருக்கு இருந்தது.

இருவரும் உட்கார்ந்தார்கள். பிரான்சிஸ் ஒரு மெட்டை முணுமுணுப்பார், இல்லாவிட்டால் புல்லாங்குழலில் வாசிப்பார். ஜேம்ஸ் எழுதுவார். எழுதியதை வயலினில் திருப்பி வாசித்துக் காட்டுவார். எங்கே இடிக்கிறதோ அங்கே திருத்துவார்கள். முதலில் அம்மாவின் பாட்டுகள்தான் தாளில் ஏறின. குடும்பத்துக்காகத் தொடங்கிய வேலை மெல்லப் பெரிதானது. வயலின்காரர் ஜான் மெக்ஃபேடன், பைப்ஸ் வாசிக்கும் சார்ஜென்ட் ஜேம்ஸ் எர்லி, பல மாவட்டத்து நண்பர்கள் என்று ஆளாளுக்குத் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றிய புகழ்பெற்ற பைப்ஸ் கலைஞர் பாட்சி டூஹி சிகாகோ வந்தால், அவரையும் விடமாட்டார் ஓ'நீல்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். எந்த ஊர் வடிவம் சரி என்பதில் அடிக்கடி சண்டை வரும். மெட்டுகளைச் சேர்ந்து உட்கார்ந்து சரிபார்க்கலாம் என்ற முயற்சி கருத்து வேறுபாட்டில் நின்றது. இறுதி முடிவை இரண்டு ஓ'நீல்களே எடுக்க வேண்டியதாயிற்று. இவர்கள் எல்லோரும் சேர்ந்திருந்த சிகாகோ ஐரிஷ் மியூசிக் கிளப்பும் சில ஆண்டுகளில் உட்பூசலில் கலைந்துபோனது.

1,850 மெட்டுகள்

1903-ல் முதல் தொகுப்பு வெளிவந்தது. சொந்தக் காசைப் போட்டுத்தான் ஓ'நீல் அதைக் கொண்டுவந்தார். அதற்கு முன் அயர்லாந்து இசைக்கு இவ்வளவு பெரிய அச்சுத் தொகுப்பு கிடையாது. உள்ளே இருந்த கணக்கு இது:

• பாட்டு மெட்டுகள் – 625
• 18-ம் நூற்றாண்டின் பார்வையற்ற யாழ்க் கலைஞர் ஓ'கரோலனின் படைப்புகள் – 75
• இரட்டை ஜிக் – 415
• ஸ்லிப் ஜிக் – 60
• ரீல் – 380
• ஹார்ன்பைப் – 225
• நீண்ட நடன மெட்டுகள் – 20
• அணிவகுப்பு இசையும் மற்றவையும் – 50

1907-ல், நடன மெட்டுகளை மட்டும் பிரித்து 1,001 மெட்டுகளோடு இரண்டாவது தொகுப்பு வந்தது. நடனத்துக்கு வாசிப்பவர்கள் கையில் வைத்துப் புழங்கியது இதைத்தான். 'அந்தப் புத்தகம்' என்று பெயர் வாங்கியதும் இதுதான்.

1910-ல் தன் தேடலின் கதையை எழுதினார். 1913-ல் இசைக்கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் திரட்டி இன்னொரு புத்தகம். யாரும் கண்டுகொள்ளாத பைப்ஸ் கலைஞர்கள், பார்வையற்ற வயலின்காரர்கள், கூலித் தொழிலாளிகள் பலருடைய பெயர் இன்று நமக்குத் தெரிகிறது என்றால் அந்தப் புத்தகம்தான் காரணம்.

அன்றைக்குப் புதிதாக வந்திருந்த எடிசன் ஒலிப்பதிவுக் கருவியையும் அவர் விடவில்லை. மெழுகு உருளைகளில் நண்பர்களின் வாசிப்பைப் பதிவு செய்தார். அவற்றில் சிலவற்றைப் பக்கத்து மில்வாக்கி நகரில் இருந்த நண்பருக்கு அனுப்பினார். பல பத்தாண்டுகள் ஒரு வீட்டில் கிடந்த அந்த உருளைகள் இந்த நூற்றாண்டில் வெளியே வந்தன. சுத்தப்படுத்தி இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள். டூஹியின் பைப்ஸை இன்று நம் போனிலேயே கேட்கலாம்.

இசை நின்றுபோன வீடு

ஓ'நீலின் பொதுவாழ்க்கை உச்சத்தில் இருந்த காலம்தான் சொந்த வாழ்க்கையில் இருண்ட காலம். முதல் தொகுப்பு வந்த 1903-ன் கடைசியில், டிசம்பர் 30 அன்று, சிகாகோவின் இரோகுவா தியேட்டரில் தீப்பிடித்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நகரமே துக்கத்தில் இருந்தது. அடுத்து 1904-ல், 18 வயது மகன் ரோஜர்ஸ் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனார்.

ஏற்கெனவே பல குழந்தைகளைப் பறிகொடுத்த வீடு அது. மிஞ்சியிருந்த இந்த மகன் வயலின் வாசிப்பவர். அப்பாவின் ஆர்வத்தைப் பகிர்ந்துகொண்டவர். அவர் போனபிறகு வீட்டில் இசை வாசிப்பதை அன்னாவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இத்தனை மெட்டுகளைத் திரட்டியவரின் வீட்டில் புல்லாங்குழல் சத்தம் நின்றுபோனது. அடுத்தடுத்த புத்தகங்கள் எல்லாமே அந்த மௌனத்துக்குப் பிறகு எழுதியவை.

1905-ல், பெரும் வேலைநிறுத்தம் ஒன்றில் நகரம் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, போலீஸ் பணியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு, நீண்ட காலத்துக்குப் பிறகு அயர்லாந்துக்குப் போனார். சின்ன வயதில் கேட்ட இசையைச் சொந்த ஊரில் திரும்பக் கேட்கலாம் என்ற ஆசை. ஏமாற்றம்தான் மிஞ்சியது. சிகாகோவில் ஒரு மாலையில் கேட்கக் கிடைத்த அளவுகூட அங்கே கிடைக்கவில்லை.

விமர்சனம் இல்லையா?

உண்டு. ஒரே மெட்டு வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருகிறது, அயர்லாந்துக்குச் சொந்தமில்லாத சில மெட்டுகளும் கலந்திருக்கின்றன என்று அறிஞர்கள் குறை சொன்னார்கள். பழைய அச்சுப் புத்தகங்களிலிருந்து எடுத்தவையும் அதில் இருந்தன.

இன்னொரு விமர்சனம் ஆழமானது. வாய்வழி இசையில் ஒரு மெட்டுக்கு 'சரியான' வடிவம் என்று ஒன்று கிடையாது. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். அச்சில் ஏறியதும் ஒரே வடிவம் நிலைத்துவிடுகிறது. கமகங்களைத் தாளில் முழுதாகக் காட்டவும் முடியாது. இது உண்மைதான். ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் அதில் பல மெட்டுகளுக்கு எந்த வடிவமுமே மிஞ்சியிருக்காது என்பதும் உண்மை.

இசை ஊர் திரும்பியது எப்படி?

கடல் கடந்து போன மெட்டுகள் புத்தகமாக அயர்லாந்துக்குத் திரும்பின. ஒரு பிரதியை வைத்துப் பல பேர் கற்றுக்கொண்டார்கள். இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, தெரியாதவர்கள் பழையபடி கேட்டுக் கற்றார்கள்.

அடுத்து இசைத்தட்டுகள் வந்தன. ஸ்லைகோ மாவட்டத்தில் 1891-ல் பிறந்த மைக்கேல் கோல்மன் என்ற வயலின் கலைஞர் 1914-ல் அமெரிக்கா போனார். 1920-களில் நியூயார்க்கில் அவர் பதிவு செய்த இசைத்தட்டுகளை உறவினர்கள் பார்சலில் ஊருக்கு அனுப்பினார்கள். அவரது பாணி அயர்லாந்து முழுக்கப் பரவியது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த 'பப் செஷன்' பழக்கம்கூட, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனின் கேம்டன் டவுன் பக்கம் குடியேறிய அயர்லாந்துக் கட்டடத் தொழிலாளர்கள் மத்தியில் வேர் பிடித்ததுதான்.

ஊரிலேயே இருப்பவருக்குப் பக்கத்து வீட்டுக் கிழவரின் மெட்டு சாதாரணம். நாளைக்கும் கேட்கலாம் என்ற நினைப்பு. ஊரைவிட்டு வந்தவருக்குத்தான் அந்த நாளை வராது என்று தெரியும். ஓ'நீலை விடாமல் துரத்தியது அந்த பயம்தான். அதோடு, பல மாவட்டத்து ஆட்களும் கூடியிருந்த ஒரு நகரமும், எழுதத் தெரிந்த ஒரு நண்பரும் அவருக்கு அமைந்தார்கள்.

கடைசிக் காலம்

1922-ல், 74-வது வயதில், தன் கடைசிப் பெரிய தொகுப்பை வெளியிட்டார். 1931-ல் தன் நூலகத்தை நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். 1936 ஜனவரி 26 அன்று சிகாகோவில் இறந்தார். தன் உழைப்பு பெரிதாகப் பயன்படவில்லையோ என்ற வருத்தம் கடைசி ஆண்டுகளில் அவருக்கு இருந்தது.

15 ஆண்டுகள் கழித்து, 1951-ல், அயர்லாந்தில் பாரம்பரிய இசைக் கலைஞர்களுக்கான தேசிய அமைப்பு உருவானது. 1960-களில் 'தி சீஃப்டன்ஸ்' போன்ற குழுக்கள் இந்த இசையை உலக மேடைக்குக் கொண்டுபோயின. அப்படி வந்த தலைமுறைகளுக்கு ஓ'நீலின் தொகுப்புகள்தான் அகராதி. இன்றும் அவை அச்சில் கிடைக்கின்றன.

டிராலிபேனில், அவர் பிறந்த இடத்துக்குப் பக்கத்தில், புல்லாங்குழல் வாசிக்கும் ஓ'நீலுக்கு ஆளுயரச் சிலை வைத்திருக்கிறார்கள். 16 வயதில் அங்கிருந்து கிளம்பிய பையன் மண்டைக்குள் சுமந்துபோன அம்மாவின் மெட்டுகளை, இன்று அந்த ஊர்ப் பிள்ளைகள் சிகாகோவில் அச்சான பக்கங்களிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.